லேப்டாப்புக்கு வெளிய கிராபிக்ஸ் கார்டு: எம்.2 அடாப்டர் போட்டு எட்டு மாசம் ஓட்டுனதுல தெரிஞ்சது

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். மதுரையில வீட்டு மாடி ரூம்ல ஒரு லேப்டாப், ஒரு மானிட்டர், ஹார்ட் டிஸ்க் ஒரு அடுக்கு, அவ்ளோ தான் ஆபிஸ். லேப்டாப் 2020 ஜனவரில வாங்குனது, ஐ5 ஒன்பதாவது ஜெனரேஷன் ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ், அதுல 4 ஜிபி மெமரி. வாங்குறப்ப 8 ஜிபி ரேம் இருந்துச்சு, அத 32 ஆக்குனேன், எஸ்எஸ்டி பெருசா மாத்துனேன், பேட்டரி ஒருதடவ மாத்தியாச்சு, கீபோர்டு கூட மாத்தியாச்சு. கிராபிக்ஸ் மட்டும் வாங்குன அன்னைக்கு இருந்த எடத்துலயே நிக்குது. "அண்ணே லேப்டாப்புல கிராபிக்ஸ் கார்டு மாத்த முடியுமா"ன்னு நம்ம லைன்ல இருக்க தம்பிங்க நெறைய பேரு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல அர மணி நேரம் சொல்றதுக்குப் பதிலா நான் வாங்குன பொருள், செலவு, பட்ட கஷ்டம், கெடச்ச பலன் எல்லாத்தையும் இங்கயே எழுதிடுறேன்.

மொதல்ல எனக்கு ஏன் தேவப்பட்டுச்சுன்னு சொல்லணும், ஏன்னா அது தெரியாம இந்தச் செலவு பண்ணக்கூடாது. நம்ம பக்கம் முகூர்த்தம் பாதிக்கு மேல விடியக்காலை தான், நாலரைலருந்து ஆறு, கேமராகாரரு என்ன பண்ணுவாரு, ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த இழுக்குற அளவ, 6400, 12800னு ஏத்தி எடுத்துட்டு வந்துடுவாரு, பொண்ணோட கூரப்பொடவ அரக்கு கலர்ல பொடிப்பொடியா நாய்ஸ் ஆடிக்கிட்டே இருக்கும். அத நீக்க நான் எடிட் பண்ற டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேர்ல டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடணும், அது ஸ்டூடியோ வெர்ஷன்ல மட்டும் தான் இருக்கு, அதுக்கும் காசு குடுத்து லைசன்ஸ் வாங்கியாச்சு. ஆனா 4கே டைம்லைன்ல அதப் போட்ட உடனே ஜிபியு (கிராபிக்ஸ் சிப்பு) மெமரி ஃபுல்னு ஒரு பொட்டி வந்து நிக்கும். தாலி கட்டுற ஷாட்ல போய் அது வந்து நின்னா மனசு எப்டி இருக்கும்னு இந்த வேல பாக்குறவங்களுக்குத் தெரியும்.

ஏன் ஃபுல் ஆகுதுன்னு ஒரு நாள் பேப்பர எடுத்து கணக்குப் போட்டுப் பாத்தேன். 4கே ஒரு ஃப்ரேம்ல 3840 பெருக்கல் 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல். ரிசால்வ் உள்ளுக்குள்ள ஒவ்வொரு கலர் சேனலையும் 32 பிட்ல வச்சு கணக்குப் போடும், அதாவது சேனலுக்கு 4 பைட், நாலு சேனல்னா ஒரு பிக்சலுக்கு 16 பைட். ஆக ஒரே ஒரு ஃப்ரேம் 130 எம்பிக்கு மேல போகுது. டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் முன்னாடி அஞ்சு ஃப்ரேம் பின்னாடி அஞ்சு ஃப்ரேம் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கும், அப்ப 11 ஃப்ரேம், 1.4 ஜிபி அங்கயே போச்சு, அதுக்கு மேல கலர் நோடு, ஷார்ப்பன், டைட்டில்னு எல்லாம் சேரும்போது, விண்டோஸும் கொஞ்சம் எடுத்துக்கும்போது, 4 ஜிபி எந்த மூலைக்கு. ஆக என் பிரச்சன வேகம் இல்ல, எடம். இந்தக் கணக்கப் போட்டதுக்கு அப்புறம் தான் எந்தக் கார்டு வாங்கணும்னு எனக்கே தெளிவாச்சு, அத பின்னாடி சொல்றேன்.

மொதல்ல எங்க ஊர்லயே ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். "சிப்ப எடுத்துட்டு பெரிய சிப்பு வச்சுரலாம் சார், பதினெட்டாயிரம் ஆகும், வாரண்டி ஒரு மாசம்"னு சொன்னாரு. குடுக்கலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அந்த வாரம் ஒரு வேலையா சென்னைக்குப் போக வேண்டியிருந்துச்சு, அப்டியே ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் லேப்டாப்ப தூக்கிட்டுப் போனேன். அங்க மாடில ஒரு சின்ன ரூம்ல போர்டு சர்வீஸ் பண்ற பெரியவர் ஒருத்தரு, அறுபது வயசு இருக்கும், நான் சொன்னதக் கேட்டுட்டு ஒன்னுமே பேசல, அடி மூடியக் கழட்டி, ஹீட் பைப்ப தூக்கி, பேஸ்ட தொடச்சுட்டு காட்டுனாரு.

"பாருங்க தம்பி, இதான் உங்க கிராபிக்ஸ். கார்டு எங்க இருக்கு? போர்டுலயே ஒட்டியிருக்கு. சுத்தி இருக்க இந்த நாலு கருப்பு இருக்குல்ல, அது அதோட மெமரி. இந்தப் பக்கம் காயில் இருக்குல்ல, அது அதுக்குக் கரண்ட் குடுக்குறது. நீங்க சிப்ப மட்டும் மாத்துனா மெமரிய யார் மாத்துவா, கரண்ட்ட யார் மாத்துவா?"

"ஊர்ல ஒருத்தரு மாத்தித் தர்றேன்னு சொன்னாருங்கய்யா."

"அதே சிப்பு செத்துப்போச்சுன்னா அதே சிப்ப மாத்தலாம், நானே பண்றேன். பெரிய சிப்பு உக்காராது. காலே வேற மாதிரி இருக்கும்."

அவரு சொன்னது அப்டியே உண்மை. லேப்டாப் ஜிபியு பிஜிஏ முறையில, அதாவது அடியில நூத்துக்கணக்கான சோல்டர் உருண்டை வச்சு, போர்டோட சேத்துப் பத்த வச்சது. வேற மாடல் சிப்புக்கு அந்த உருண்டை வரிசையே வேற. வரிசை பொருந்துனா கூட அந்தச் சிப்புக்கு ஏத்த விபயாஸ், அதாவது சிப்ப எழுப்புற சாஃப்ட்வேர், வேணும், மெமரி சிப் எண்ணிக்கை வேணும், கரண்ட் சப்ளை ஃபேஸ் வேணும், சூடு எடுக்குற ஹீட் பைப் வேணும், சார்ஜர் வேணும். 50 வாட் சிப்புக்குன்னு செஞ்ச ஒடம்புல 100 வாட் சிப்ப வைக்க முடியாது. பெரியவர் செக் பண்ணதுக்குக் காசு கூட வாங்கல, புதுப் பேஸ்ட் போட்டு மூடிக் குடுத்துட்டு 300 ரூபா மட்டும் வாங்குனாரு. அன்னைக்கு எனக்கு மிச்சமானது பதினெட்டாயிரம்.

அப்போ லேப்டாப்புல மாத்தவே முடியாதான்னா, மாத்துற மாதிரி செஞ்ச லேப்டாப்பும் இருந்துச்சு. என்விடியா 2004 வாக்குல எம்எக்ஸ்எம்னு ஒரு முறைய கொண்டு வந்தாங்க, கிராபிக்ஸ் தனி போர்டா இருக்கும், ரேம் மாதிரி சாய்வா சொருகி ஸ்க்ரூ போடுறது. டெல் பிரிசிஷன் எம்6800, எச்பி இசட்புக் 17 மாதிரி கனமான வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்ல அது இருக்கும், கம்பெனி ஆபிஸ்லருந்து கழிச்சு வித்த பழைய மெஷின் வச்சிருக்கவங்க கழட்டிப் பாத்தா தெரியும். ஆனா ஸ்லாட் ஒன்னா இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியும் தங்களுக்குன்னு பயாஸ், ஸ்க்ரூ எடம், ஹீட்சிங்க்னு மாத்திக்கிட்டதால ஒரு கம்பெனி கார்டு இன்னொன்னுல ஓடும்னு நம்பி வாங்க முடியாது. லேப்டாப்ப மெல்லிசாக்கணும்னு எல்லாரும் போனதோட அது ஓரமா போச்சு. 2019ல ஏலியன்வேர் ஏரியா-51எம் வந்தப்ப கிராபிக்ஸ மாத்திக்கலாம்னு சொல்லி விட்டாங்க, அதுக்கு எம்எக்ஸ்எம் இல்லாம தனியா ஒரு வடிவத்துல போர்டு, அடுத்த தலைமுறை கார்டு அதுக்கு வரலன்னு 2021ல அமெரிக்காவுல வழக்கே போட்டாங்க. இப்போதைக்கு இத ஒழுங்கா பண்றது ஃபிரேம்வொர்க் கம்பெனியோட 16 இன்ச் லேப்டாப் தான். 2024 ஆரம்பத்துல ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் மாட்யூலோட வந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூல் அறிவிச்சாங்க, பழைய லேப்டாப் வச்சிருக்கவங்களே பின்பக்கம் கழட்டி மாட்டிக்கலாம். சொன்ன சொல்ல காப்பாத்துன கம்பெனின்னு எனக்கு அவங்க மேல பெரிய மரியாத. நான் தேடுன சமயத்துல நம்ம நாட்டுக்கு நேரா அனுப்பல, அதனால அது நமக்கு இல்ல.

அடுத்தது தண்டர்போல்ட். லேப்டாப் சைடுல சி டைப் போர்ட்ல தண்டர்போல்ட் 3ஓ 4ஓ இருந்தா வெளிய ஒரு பெட்டி வச்சு டெஸ்க்டாப் கார்ட மாட்டி ஒரே ஒயர்ல இணைச்சுடலாம், ரேசர் கோர் எக்ஸ் மாதிரி பெட்டி, உள்ளயே 650 வாட் பவர் சப்ளை, லேப்டாப்புக்கு சார்ஜும் அதே ஒயர்ல போகும். சுத்தமான வழி அது தான், உங்க லேப்டாப்ல தண்டர்போல்ட் இருந்தா நான் சொல்லப்போற வேலைக்கே போகாதீங்க. ஆப்பிள் எம் சிப் வச்ச மேக்ல மட்டும் போர்ட் இருந்தாலும் வெளிக் கார்டு ஓடாது, ஞாபகம் வச்சுக்கோங்க. என் லேப்டாப்ல சி டைப் இருக்கு, தண்டர்போல்ட் இல்ல. பெட்டி வெலையும் எனக்குக் கட்டுப்படியாகல.

மிச்சம் இருக்குறது எம்.2 அடாப்டர். எஸ்எஸ்டி சொருகுற ஸ்லாட்டுக்குள்ள போறது பிசிஐஇங்குற டேட்டா லைன் தான், கிராபிக்ஸ் கார்டு பேசுறதும் அதே பிசிஐஇ தான், அதனால எஸ்எஸ்டிக்குப் பதிலா ஒரு சின்ன பட்டைய சொருகி, அதுலருந்து ஒரு ரிப்பன் கேபிள வெளிய இழுத்து, மறுமுனைல முழு சைஸ் கிராபிக்ஸ் ஸ்லாட் வச்சுக் குடுக்குறாங்க. நான் வாங்குனது ஆன்லைன்ல, பெருசா பேர் இல்லாத பிராண்ட், 6,400 ரூபா. பெட்டிக்குள்ள ஸ்லாட் வச்ச போர்டு, 25 சென்டிமீட்டர் கேபிள், பவர் ஒயர் ரெண்டு, மேனுவல்னு ஒன்னும் கெடையாது. 50 சென்டிமீட்டர் கேபிளும் விக்கிறாங்க, மேஜையில வச்சுக்க வசதியா இருக்கும்னு தோணும், ஆனா கேபிள் நீளமானா சிக்னல் தேயும், குட்டையானதே வாங்குங்க. போர்டு கையில புடிக்கும்போது கனமா நல்லா இருக்கு, ஸ்லாட்ல கார்டு ஆடல. கேபிள் தான் பயமுறுத்துது, தகடு மாதிரி விறைப்பா இருக்கு, ஒருதடவ வளச்ச எடத்துல மறுபடி வளைக்கக் கூடாது.

வாங்குறதுக்கு முன்னாடி ஸ்லாட்ட பாத்துக்கணும். என் லேப்டாப்ல ரெண்டு எம்.2 ஸ்லாட், ஒன்னுல எஸ்எஸ்டி, இன்னொன்னு காலி. சில லேப்டாப்ல ரெண்டாவது ஸ்லாட் சாட்டாங்குற பழைய வகை எஸ்எஸ்டி மட்டும் தான் எடுக்கும், அதுல இது வேலைக்கே ஆகாது, என்விஎம்இ, அதாவது பிசிஐஇல ஓடுற எஸ்எஸ்டி போடுற ஸ்லாட்டா இருக்கணும். ஒரே ஒரு ஸ்லாட் தான் இருக்குன்னா விண்டோஸ 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிக்கு மாத்திட்டு ஸ்லாட்ட காலி பண்ணணும்.

கார்டு விஷயத்துக்கு வர்றேன். ஆர்டிஎக்ஸ் 4060 புதுசா வாங்கவா, 3060 பழசு வாங்கவான்னு ஒரு மாசம் கொழம்புனேன். 4060 புதுசு, வேகம் அதிகம், 115 வாட் தான் இழுக்கும், ஆனா மெமரி 8 ஜிபி. 3060 2021 பிப்ரவரில வந்தது, 170 வாட், ஆனா 12 ஜிபி. நான் மேல போட்ட கணக்குப்படி எனக்கு வேணுங்குறது எடம், அதனால 3060. இதுல ஒரு சூது இருக்கு, 3060னு அதே பேர்ல 8 ஜிபி கார்டு ஒன்னும் 2022 கடைசில வந்துச்சு, மெமரிக்குப் போற பாதை (பஸ்) 192 பிட்டுக்கு பதிலா 128 பிட், பெட்டிய சரியா படிக்காம வாங்கிட்டா ரெண்டும் கெட்டான் ஆயிடும். நான் செகண்ட் ஹேண்ட்ல 12 ஜிபி கார்டு 17,500க்கு எடுத்தேன். 2022 செப்டம்பர்ல ஈத்தீரியங்குற கிரிப்டோ காயின் ஜிபியு வச்சு மைனிங் (கணக்குப் போட்டு காயின் எடுக்குறது) பண்றதயே நிப்பாட்டுனதும் மைனிங்ல ஓடுன கார்டு நெறைய மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அது உங்க கையில கெடைக்கலாம், அதனால கடையிலயே மாட்டி இருவது நிமிஷம் ஃபர்மார்க்னு கார்டுக்கு முழு வேல குடுக்குற சாஃப்ட்வேர ஓட்டிப் பாருங்க, ஃபேன் கரகரன்னு கத்துதா, ஸ்க்ரீன்ல புள்ளி கோடு வருதா, கார்டு ஓரத்துல எண்ணெ கசிஞ்ச மாதிரி பிசுக்கு இருக்கா, எல்லாம் பாத்துட்டு காசு குடுங்க. நானும் நின்னு பாத்துத் தான் வாங்குனேன், கடக்காரரு மொகம் சுளிக்காம ஓட்டிக் காமிச்சாரு.

கார்டுக்குக் கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை) புதுசு தான் வாங்கணும், இதுல மிச்சம் பிடிக்காதீங்க. 550 வாட், 3,900 ரூபா. கார்டுக்கு 8 பின் கனெக்டர எஸ்எம்பிஎஸ்லருந்து நேரா குடுங்க. அடாப்டர் போர்டுக்குப் பவர் குடுக்க சில பேர் சாட்டா ஒயர்லருந்து கன்வர்ட்டர் போட்டு எடுக்குறாங்க, தயவுசெஞ்சு அப்டிப் பண்ணாதீங்க, சாட்டா கனெக்டர் 12 வோல்ட்ல 54 வாட் தான் தாங்கும், கிராபிக்ஸ் ஸ்லாட் 12 வோல்ட்ல 66 வாட் வரைக்கும் இழுக்கலாம், பிளாஸ்டிக் உருகிடும். இன்னொன்னு, லேப்டாப் சார்ஜரும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரே எர்த் இருக்குற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருக்கட்டும்.

மாட்டுன கதை. மொத நாள் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு காலைல மூனரைக்குத் தான் படம் வந்துச்சு. அடி மூடியப் போட முடியாது, ஏன்னா கேபிள் வெளிய வரணும். மொத ரெண்டு வாரம் மூடி இல்லாமயே ஓட்டுனேன், அப்புறம் மூடியில ஒரு ஓரமா சோல்டரிங் அயர்ன்ல கோடு போட்டு அரத்துல ராவி ஒரு வழி எடுத்துட்டேன். ரெண்டாவது பிரச்சன, கார்டு டிவைஸ் மேனேஜர்ல வருது ஆனா மஞ்ச முக்கோணம், கோட் 12, அதாவது இந்தக் கார்டுக்கு ஒதுக்க அட்ரஸ் எடம் போதலன்னு அர்த்தம். லேப்டாப்ல ஏற்கனவே இருக்குற 1650 அந்த எடத்துல உக்காந்துருக்கு. டிவைஸ் மேனேஜர்ல 1650ய டிஸேபிள் பண்ணி ரீஸ்டார்ட் போட்டதும் 3060 எழுந்து நின்னுச்சு. அந்த நிமிஷம் இருந்த சந்தோஷத்துல கீழ தூங்கிட்டு இருந்த வீட்டுக்காரிய எழுப்பிக் காட்டுனேன்.

1650ய அணைச்சதும் லேப்டாப்போட எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போச்சு, கெட்டுப்போகல, அந்தப் போர்ட் 1650 வழியாத் தான் போகுது, அதனால. மானிட்டர 3060ல நேரா மாட்டிட்டா தீந்துச்சு, அப்டி மாட்டுறது தான் நல்லதும் கூட, லேப்டாப் ஸ்க்ரீன்லயே பாக்கணும்னா கார்டு செஞ்ச படம் அதே சின்ன கேபிள்ல திரும்பி வரணும், அங்க வேகம் அடி வாங்கும்.

ஆன் பண்ற வரிசை முக்கியம். மொதல்ல எஸ்எம்பிஎஸ், அப்புறம் தான் லேப்டாப். அடாப்டர்ல ஒரு டிலே ஸ்விட்ச் இருக்கு, எனக்கு நடு பொசிஷன்ல வச்சாத் தான் ஒவ்வொரு தடவையும் கார்ட கண்டுபுடிக்குது. ஓடிக்கிட்டு இருக்கும்போது கேபிளத் தொடவே கூடாது, இது பென் டிரைவ் மாதிரி புடுங்கி சொருகுற சமாச்சாரம் இல்ல.

இப்ப பலன். டெஸ்க்டாப்ல இதே கார்டுக்கு 16 லேன், அதாவது தரவு போற பாதை, கெடைக்கும், செகண்டுக்கு 15 ஜிபிக்கு மேல தரவு போகும், இங்க 4 லேன் பிசிஐஇ 3.0, செகண்டுக்கு 4 ஜிபிக்கும் கொஞ்சம் கம்மி. ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல பாத்தா எக்ஸ்4 3.0னு காட்டணும், 1.1னு காட்டுனா மொதல்ல கார்டுக்கு வேல குடுத்துட்டுப் பாருங்க, சும்மா இருக்கும்போது கார்டு தானா கொறச்சுக்கும். நாலுல ஒரு பங்கு பாதை தான்னு மொதல்ல எனக்குக் கவலையா இருந்துச்சு. ஆனா நாய்ஸ் ரிடக்‌ஷன் மாதிரி வேலைல ஃப்ரேம் ஒருதடவ கார்டுக்குள்ள போயிட்டா மிச்ச கணக்கெல்லாம் உள்ளயே நடக்குது, பாதை அவ்ளோ தடையா இல்ல. என்னோட அஞ்சு நிமிஷ 4கே ஹைலைட் வீடியோ ஒன்ன பழைய 1650ல நாய்ஸ் ரிடக்‌ஷன் ஃப்ரேம கொறச்சு வச்சு எப்டியோ ஒப்பேத்தி எடுத்தப்ப 47 நிமிஷம் ஆச்சு, அதே ப்ராஜெக்ட் 3060ல முழு அளவு ஃப்ரேம் வச்சு 14 நிமிஷம். எட்டு மாசத்துல மெமரி ஃபுல் பொட்டி எனக்கு ஒரே ஒரு தடவ தான் வந்துச்சு, அதுவும் ஒரே கிளிப்ல நாய்ஸ் ரிடக்‌ஷன ரெண்டு நோட்ல போட்டப்ப. ரிசால்வ்ல மெமரி அண்ட் ஜிபியு செட்டிங்ல போய் கூடாவ (CUDA) செலக்ட் பண்ணி 3060ய டிக் பண்ணிட மறக்காதீங்க.

ஏமாந்த எடமும் ஒன்னு இருக்கு, இத யாரும் எனக்கு முன்னாடி சொல்லல. கேமராகாரர் புது கேமராவுல 10 பிட் 4:2:2 எச்.265ல, அதாவது கலர் தகவல் அதிகமா வச்சு சுருக்குற வீடியோ வகைல, எடுத்துட்டு வந்தாரு. அது டைம்லைன்ல இழுத்து இழுத்து ஓடுச்சு, 3060 போட்டும். ஏன்னு பாத்தா அந்த 4:2:2 வகைய பிரிச்சுப் படிக்கிற வசதி ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ்லயும் கெடையாது 40 சீரிஸ்லயும் கெடையாது, 50 சீரிஸ்ல தான் வந்துருக்கு, இன்டெல்ல புது ஜெனரேஷன் ப்ராசசர்ல குவிக் சிங்க்ங்குற வீடியோ படிக்கிற பாகத்துல இருக்கு, என் ஒன்பதாவது ஜெனரேஷன்ல இல்ல. ஆக மொத்த பாரமும் ப்ராசசர் தலைல. இதுக்கு கார்ட குத்தம் சொல்ல முடியாது, ப்ராக்ஸி, அதாவது சின்ன சைஸ் நகல், போட்டுத் தான் எடிட் பண்றேன், ராத்திரி ப்ராக்ஸி ஓட விட்டுட்டுப் படுத்துட்டா காலைல ரெடி. உங்க கேமரா 4:2:2ல எடுக்குதுன்னா, எடிட்டிங் இழுக்குறது தான் உங்க பிரச்சனைன்னா, இந்த அடாப்டரும் 3060யும் அதத் தீக்காது, காச வேஸ்ட் பண்ணாதீங்க.

கேம் பத்தி நான் பெருசா சொல்ல முடியாது, அக்கா மகன் லீவுக்கு வந்தப்ப ஓட்டிப் பாத்தான். 1650க்கு இது எவ்வளவோ மேல தான் மாமா, ஆனா திடீர் திடீர்னு ஒரு செகண்டு தட்டுதுன்னு சொன்னான். கேம்ல தரவு விடாம போயி வந்துட்டு இருக்கணும், சின்னப் பாதை அங்க தெரியும், ப்ராசசரும் பழசு. கேமுக்காக மட்டும்னா இந்தக் காசுக்குப் பழைய டெஸ்க்டாப் ஒன்ன எடுத்து அதுல கார்ட மாட்டுறது மேல்.

நம்ம ஊருக்குன்னு இருக்குற ஒரு பிரச்சன கரண்ட். லேப்டாப்ல பேட்டரி இருக்கு, கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும், ஆனா வெளிய இருக்க கார்டு செத்துடும், கார்டு செத்த அடுத்த நொடி விண்டோஸ் அப்டியே ஒறஞ்சு நீலத் திரை வந்துரும். மாட்டுன மூனாவது நாளே பராமரிப்புக்குன்னு காலைல கரண்ட் எடுத்துட்டாங்க, நான் மறந்துட்டேன், ஒன்னேகால் மணி நேர எக்ஸ்போர்ட் முடியப்போற நேரம், போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே 1 கேவிஏ யுபிஎஸ் வாங்கிட்டு வந்தேன், 5,200. லேப்டாப் வச்சிருக்கவங்களுக்கு யுபிஎஸ் தேவ இல்லன்னு ஒரு நெனப்பு இருக்கும், இத மாட்டிட்டா கட்டாயம் தேவ, செலவுக் கணக்குல மொதல்லயே சேத்துக்கோங்க.

அடாப்டரும் கார்டும் தெறந்து கெடக்குது, தூசி, பல்லி, எறும்பு எல்லாம் நம்ம வீட்ல உண்டு. பலகைல ஸ்டாண்ட் ஸ்க்ரூ வச்சுக் கட்டி, மேல ஒரு கம்பிச் சட்டம் அடிச்சு கொசு வலைய இழுத்துக் கட்டிருக்கேன், காத்துப் போகுது, பல்லி போகாது. வாரம் ஒருக்கா ப்ளோயர் அடிப்பேன்.

ஆறாவது மாசம் ஒரு தொல்லை வந்துச்சு. எக்ஸ்போர்ட் நடுவுல அப்பப்ப நிக்குது, ஈவென்ட் வியூவர்ல போய்ப் பாத்தா டபிள்யூஎச்இஏ லாக்கர்ல வார்னிங் வரிசையா நிக்குது, அதாவது லைன்ல பிழை வந்து திருத்திக்கிட்டே ஓடுது. கேபிள் மடங்குற எடத்துல லேசா ஒரு வெள்ளக் கீறல். மேஜைய சுத்தம் பண்றப்ப யாரோ லேப்டாப்ப நகத்திருக்காங்க. தனிக் கேபிள் 1,900 ரூபா குடுத்து வாங்கி மாத்துனதுல நின்னுடுச்சு. இந்த அடாப்டர்ல எனக்கு நம்பிக்க இல்லாத பாகம் கேபிள் ஒன்னு தான், அது கொஞ்சம் வளையுற மாதிரி குடுத்துருந்தா மிச்சத்துல குத்தம் சொல்ல எனக்கு ஒன்னும் இல்ல. இப்ப லேப்டாப்பையும் அதே பலகைல நாலு மூலைல தாங்கு வச்சு நகராம கட்டிட்டேன்.

கட்டிட்டேன்னு சொன்னேன்ல, அங்க தான் நீங்க யோசிக்கணும். என் லேப்டாப் இப்ப லேப்டாப் இல்ல. முன்னாடி கல்யாண மண்டபத்துக்கே தூக்கிட்டுப் போய் ரிசப்ஷன்லயே காலைல எடுத்த முகூர்த்த வீடியோவ ஓட்டிக் காட்டுவேன், பொண்ணு வீட்டுக்காரங்க கண் கலங்கிப் பாப்பாங்க, இப்ப அதுக்கு எஸ்எம்பிஎஸ அணைச்சு, மூடியத் தெறந்து, பட்டையக் கழட்டி, 1650ய எனேபிள் பண்ணி, திரும்பி வந்து எல்லாத்தையும் மாட்டணும், அதனால அந்த வேலைய விட்டுட்டேன். அது எனக்கு வருத்தம் தான். ஒரே எடத்துல உக்காந்து எடிட் பண்றவரு, ரெண்டாவது எம்.2 ஸ்லாட் காலியா இருக்கு, மெமரி பத்தாம அவதிப்படுறாரு, ஸ்க்ரூ டிரைவர் புடிச்சுப் பழக்கம் உண்டுன்னா தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு நாலு குடுப்பேன். காலேஜ் பசங்க, ஊர் ஊரா தூக்கிட்டு அலையுறவங்க வேணாம், கொஞ்ச நாள் பொறுத்து புது லேப்டாப்பே வாங்குங்க, வாங்கும்போது ரேம், எஸ்எஸ்டி கம்மியா இருந்தாலும் மாத்துற ஸ்லாட் இருந்தா பரவால்ல பின்னாடி போட்டுக்கலாம், கிராபிக்ஸ் மெமரி எவ்ளோன்னு மட்டும் மொதல்ல பாருங்க.

மொத்தக் கணக்கு: அடாப்டர் 6,400, கார்டு 17,500, எஸ்எம்பிஎஸ் 3,900, யுபிஎஸ் 5,200, மறு கேபிள் 1,900, பலகை வலை ஸ்க்ரூன்னு ஒரு 400. 35,300 ஆயிருக்கு. நாளைக்கு லேப்டாப் போர்டே போனாலும் கார்டு, எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் மூனையும் அப்டியே ஒரு டெஸ்க்டாப்ல தூக்கிப் போட்டுக்கலாம், அடாப்டரும் கேபிளும் மட்டும் தான் வீணாப் போகும். உங்க லேப்டாப்புக்கு ஆகுமான்னு கேக்குறவங்க மாடல் நம்பர் மட்டும் அனுப்பாதீங்க, அடி மூடியத் தெறந்து அந்த ரெண்டாவது எம்.2 ஸ்லாட் கிட்ட என்ன எழுதியிருக்குன்னு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, ஒரே மாடல் பேர்ல ரெண்டு விதமா போர்டு வருது.